ஜிட்சி மீட் சர்வரை அப்கிரேட் செய்வது: முதல் முறை இறங்குபவர்களுக்கு

ஜிட்சி மீட் போன்ற வீடியோ மீட்டிங் சர்வரைச் சொந்தமாக வைத்திருப்பவர்களில் பலர் அதை ஒருமுறை நிறுவியதோடு சரி, அப்புறம் தொடுவதே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கலைக்க வேண்டும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் வீடியோ மீட்டிங்கில் பாதி வேலை நடப்பது உங்கள் சர்வரில் இல்லை, பேசுபவர்களின் பிரவுசரில். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சில வாரங்களுக்கு ஒருமுறை யாரையும் கேட்காமல் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. சர்வர் மட்டும் இரண்டு வருடம் பின்தங்கி நின்றால் ஒருநாள் ஒருவருக்குக் கேமரா வராது, இன்னொருவருக்கு ஸ்கிரீன் ஷேர் வேலை செய்யாது. சர்வரில் யாரும் எதையும் மாற்றவில்லையே என்று நாம் குழம்பிக்கொண்டிருப்போம். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடப்பது தனிக் கவலை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்கிரேட் கட்டளையை ஓட்டுவது ஐந்து, பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்யும் அரைமணி நேரத் தயாரிப்பும், முடிந்த பிறகு மூன்று பேரை வைத்துச் செய்யும் சோதனையும்தான் உண்மையான வேலை. இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் பேக்கேஜாக நிறுவிய ஜிட்சி மீட். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்களுக்கும் பிக்புளூபட்டன் என்ற இன்னொரு மீட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கடைசியில் சில வார்த்தைகள் இருக்கின்றன. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

ஜிட்சி என்பது ஒரே மென்பொருள் இல்லை. நான்கைந்து சேர்ந்த கூட்டம். பிரவுசருக்குப் பக்கத்தைக் கொடுப்பது என்ஜின்எக்ஸ். யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற செய்திகளைக் கடத்துவது ப்ரோசடி. மீட்டிங்கை நடத்திவைப்பது, அதாவது யாரை எந்தப் பாலத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்வது, ஜிகோஃபோ. ஒருவருடைய ஒலியையும் படத்தையும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் கனமான வேலை வீடியோபிரிட்ஜுடையது, பாலம் என்று நான் சொல்வது இதைத்தான். கெடுபிடியான ஃபயர்வாலுக்கு (இணைப்புகளை வடிகட்டும் காவல்) பின்னால் இருப்பவர்களுக்காகக் கோடர்ன் என்ற துணை சர்வரும் இருக்கலாம். ரெக்கார்டிங்குக்கு ஜிப்ரி வைத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எது பழுதானால் எது தெரியும் என்பது இதில்தான் இருக்கிறது. பக்கமே வரவில்லை என்றால் என்ஜின்எக்ஸ். பக்கம் வருகிறது, அறைக்குள் நுழைய முடியவில்லை என்றால் ப்ரோசடி அல்லது ஜிகோஃபோ. உள்ளே போக முடிகிறது, முகமும் குரலும் வரவில்லை என்றால் வீடியோபிரிட்ஜ், அல்லது அதற்குப் போகும் வழி. நடுராத்திரியில் பிரச்சினை வந்தால் இந்த ஒரு பத்தியே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. வீடியோபிரிட்ஜும் ஜிகோஃபோவும் ஜாவாவில் எழுதப்பட்டவை. முன்பு ஜாவா 11 போதுமாக இருந்தது, புதிய பதிப்புகள் 17 கேட்கின்றன. ப்ரோசடியின் கதையும் அப்படித்தான். 0.12 பதிப்பு 2022-இல் வந்தது. அடுத்த பெரிய பதிப்பு 2025-இல் நேராக 13.0 என்ற எண்ணோடு வந்தது. இடையில் பதிப்புகளைத் தவறவிட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம், எண் வைக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். லினக்ஸோடு வரும் ப்ரோசடி பெரும்பாலும் பழசாக இருக்கும் என்பதால், ப்ரோசடி குழுவின் சொந்த ரெப்பாசிட்டரியை (பேக்கேஜுகள் இறங்கும் களஞ்சியம்) சேர்த்து வைத்திருப்பது நல்லது.

எப்போது செய்வது

அப்கிரேட் நடக்கும்போது பேக்கேஜுகள் தங்கள் சர்வீஸ்களைத் தாங்களே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அந்த நொடியில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் அறுந்துபோகும். ஒரு வகுப்பு, ஒரு நேர்காணல், மருத்துவரோடு ஒரு ஆலோசனை என்று எதுவாகவும் இருக்கலாம். எனவே நேரத்தை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அறிவித்துவிட்டோம் என்பதற்காக உள்ளே யாரும் இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம். வீடியோபிரிட்ஜின் ரெஸ்ட் வசதியை (நிலவரத்தை இணைய முகவரி வழியாகக் கேட்கும் வழி) இயக்கி வைத்திருந்தால், சர்வரிலிருந்தே 8080 போர்ட்டில் ‘கோலிப்ரி/ஸ்டாட்ஸ்’ என்ற முகவரியைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை மீட்டிங், எத்தனை பேர் என்று எண்ணாகவே சொல்லிவிடும். இரண்டிலும் பூஜ்யம் வந்த பிறகு தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு செய்தால் பிரச்சினையைச் சரிசெய்ய இரண்டு நாள் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாள் காலையில் உண்மையான பயனர்கள் வருவார்கள், நீங்களும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பீர்கள் என்ற நாளே நல்ல நாள். சிறு குறைகளை அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

தானாக அப்கிரேட் ஆகும் வசதி ஓடுகிறதா என்றும் பாருங்கள். உபுண்டுவில் அது வழக்கமாகப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுக்கும், வெளி ரெப்பாசிட்டரிகளைத் தொடாது. யாராவது அதை மாற்றி வைத்திருந்தால் பகல் வேளையில் ஜிட்சி தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ கட்டளையால் ஜிட்சி பேக்கேஜுகளைப் பிடித்து நிறுத்துங்கள். அப்கிரேட் நாளன்று ‘அன்ஹோல்ட்’ கொடுத்தால் போதும்.

பேக்கப்

விர்ச்சுவல் சர்வராக இருந்தால் முதல் வேலை முழு ஸ்னாப்ஷாட், அதாவது சர்வர் முழுவதையும் அந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் நகல். ஆனால் அது மட்டும் போதாது. ஒரே ஒரு வரியைப் பழையபடி பார்க்க வேண்டும் என்றால் முழு சர்வரையும் பின்னால் திருப்ப முடியாது அல்லவா? அதனால் கன்ஃபிக் ஃபைல்களை, அதாவது அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைல்களை, தனியாக நகலெடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் வையுங்கள். ‘இடிசி’ ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிட்சி, ப்ரோசடி, என்ஜின்எக்ஸ் ஃபோல்டர்கள், கோடர்ன் இருந்தால் ‘டர்ன்சர்வர்.கான்ஃப்’, சான்றிதழ்கள் அங்கே இருந்தால் ‘லெட்ஸ்என்க்ரிப்ட்’. கடவுச்சொல் போட்டு நுழையும்படி பயனர்களை உருவாக்கியிருந்தால் ‘வார்/லிப்/ப்ரோசடி’யும் கட்டாயம், அவர்களுடைய கணக்குகள் அங்கேதான் இருக்கின்றன.

பலர் விட்டுவிடும் இடம் ‘யுஎஸ்ஆர்/ஷேர்/ஜிட்சி-மீட்’. உங்கள் லோகோவையோ ‘இன்டர்ஃபேஸ்_கன்ஃபிக்’ ஃபைலையோ அங்கே மாற்றி வைத்திருந்தால், அப்கிரேட் அதை எந்தக் கேள்வியும் இல்லாமல் மேலெழுதிவிடும். அது பேக்கேஜின் சொந்த இடம். உங்கள் டொமைன் பெயரோடு ‘இடிசி/ஜிட்சி/மீட்’ ஃபோல்டரில் இருக்கும் கன்ஃபிக் ஃபைலை அது தொடாது. அதனால் முடிந்த அளவு மாற்றங்களை இந்த ஃபைலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்டர்ஃபேஸ் ஃபைலில் இருந்த அமைப்புகளை ஜிட்சிக்காரர்களே கொஞ்சம் கொஞ்சமாக இங்கே நகர்த்தி வருகிறார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உங்கள் கன்ஃபிக் ஃபைல் மாறாமல் அப்படியே இருப்பதால், புதிய பதிப்பில் வந்த புதிய வசதிகளுக்கான வரிகள் அதில் இருக்காது. பேக்கேஜோடு வரும் மாதிரிக் கன்ஃபிக்கைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் காட்டும் ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள். அவசரம் இல்லை, அப்கிரேட் நிலைபெற்ற பிறகு ஒரு நாள் உட்கார்ந்து செய்யலாம்.

இப்போது சர்வரில் இருக்கும் பதிப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் ஜிட்சி, ஜிகோஃபோ, ப்ரோசடி என்று தேடினால் வரும். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று ‘டிஎஃப் -ஹெச்’ சொல்லும். மாதக்கணக்கில் லாக் (சர்வர் எழுதி வைக்கும் பதிவுகள்) சேர்ந்து டிஸ்க் நிறைந்த சர்வரில் அப்கிரேட் பாதியில் நின்றால், அதை மீட்பது பெரிய வேலை.

அப்கிரேட்

சர்வருக்குள் நுழைந்ததும் முதலில் ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ தொடங்குங்கள். உங்கள் இணைய இணைப்பு நடுவில் போனாலும் வேலை சர்வரில் தொடரும். இதைச் செய்யாமல் அப்கிரேட்டின் பாதியில் இணைப்பு அறுந்தவர்கள் இரண்டாவது முறை மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இது எதையும் நிறுவாது, பட்டியலைப் புதுப்பிக்கும், அவ்வளவுதான். ஆனால் இதன் வெளியீட்டைக் கண்ணால் படியுங்கள். ஜிட்சி ரெப்பாசிட்டரியின் கையொப்பச் சாவி இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் இங்கேயே நிறுத்துங்கள். ஜிட்சியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கும் புதிய சாவியைச் சேர்த்த பிறகு தொடரலாம். ரெப்பாசிட்டரி வரியில் ‘ஸ்டேபிள்’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சோதனைப் பதிப்புகளுக்கான கிளைகளும் உண்டு. பலர் பேசும் சர்வரில் அவை வேண்டாம்.

‘ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்’ என்ன என்ன மாறப்போகிறது என்று காட்டும். இந்தப் பட்டியலில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்தால் அதை வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒரே இரவில் இரண்டையும் மாற்றினால் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஜிட்சியை மட்டும் மேம்படுத்த, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிட்சி-மீட்’ கொடுங்கள். அது ஒரு தாய்ப் பேக்கேஜ். தனக்கு வேண்டிய வீடியோபிரிட்ஜ், ஜிகோஃபோ ஆகியவற்றின் பொருந்தும் பதிப்புகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். இவற்றில் ஒன்றை மட்டும் தனியாக மேம்படுத்த முயலாதீர்கள். ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று சோதித்து வெளியிடப்பட்ட தொகுப்பு அது.

நடுவில் கறுப்புத் திரை நின்று ஒரு கேள்வி கேட்கலாம். குறிப்பாக ப்ரோசடியின் முதன்மைக் கன்ஃபிக் ஃபைலைப் பற்றி: இந்த ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜும் புதிய ஃபைலோடு வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்வது? புதியவர்கள் ‘ஒய்’ அழுத்திவிடுவது இங்கேதான். ‘ஒய்’ என்றால் பேக்கேஜின் ஃபைல் வரும், உங்கள் மாற்றங்கள் போகும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். படித்துவிட்டு ‘என்’ அழுத்துங்கள். வெறுமனே என்டர் தட்டினாலும் ‘என்’தான். அப்படிச் செய்தால் பேக்கேஜின் புதிய ஃபைல் ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வால் ஒட்டிய பெயரில் அருகிலேயே இருக்கும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தவறி ‘ஒய்’ அழுத்திவிட்டாலும் உங்கள் பழைய ஃபைல் ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்ற வாலோடு இருக்கும்.

முடிந்ததும் ‘என்ஜின்எக்ஸ் -டி’ (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து), ‘ப்ரோசடிசிடிஎல் செக்’ இரண்டையும் ஓட்டிக் கன்ஃபிக்கில் பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ப்ரோசடி, ஜிகோஃபோ, வீடியோபிரிட்ஜ் என்ற வரிசையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மூன்றின் நிலையையும் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ மூலம் பாருங்கள். பச்சையாக ‘ஆக்டிவ்’ என்று இருந்தால் மட்டும் திருப்தி அடைய வேண்டாம். ‘வார்/லாக்/ஜிட்சி’க்குள் போய் ஜிகோஃபோவின் லாகைத் திறந்து, ‘ஆடட் நியூ வீடியோபிரிட்ஜ்’ என்ற வரி ரீஸ்டார்ட் ஆன நேரத்துக்குப் பிறகு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி வந்தால்தான் ஜிகோஃபோவும் பாலமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று அர்த்தம். அது வராமல், பாலத்தின் சொந்த லாகில் ‘நாட் ஆத்தரைஸ்டு’ என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால், பாலமும் ப்ரோசடியும் வைத்திருக்கும் கடவுச்சொற்கள் பொருந்தவில்லை. பேக்கப்பில் இருக்கும் பழைய கன்ஃபிக்கோடு ஒப்பிட்டால் எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆள்

ஒரு முறை இரவு பத்து மணிக்கு அப்கிரேட் முடித்தேன். லேப்டாப்பிலிருந்து ஓர் அறை திறந்தேன், கைபேசியிலிருந்து அதே அறைக்குள் போனேன். படம் தெளிவு, குரல் தெளிவு. படுத்துத் தூங்கிவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. ஆசிரியர் வந்தார், முதல் மாணவி வந்தாள், இருவரும் வணக்கம் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாணவன் நுழைந்த அந்த நொடியில் எல்லோருடைய முகமும் கறுத்தது, குரல் நின்றது. அவன் வெளியேறியதும் மற்ற இருவருக்கும் திரும்பி வந்தது. அவன் மீண்டும் வந்தான், மீண்டும் போனது. தன்னால்தான் எல்லோருக்கும் கெடுகிறது என்று நினைத்து அந்தப் பையன் வெளியே போய்விட்டான். அது என்னால் நடந்தது என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

காரணம் இதுதான். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஜிட்சி அவர்களை நேரடியாக இணைத்துவிடுகிறது. ஒலியும் படமும் சர்வர் வழியாகப் போவதே இல்லை. மூன்றாவது ஆள் வந்ததும்தான் எல்லோரும் வீடியோபிரிட்ஜுக்கு மாறுகிறார்கள். அந்தப் பாலம் யுடிபி 10000 போர்ட்டில் காத்திருக்கும். அன்றைக்கு நான் கெர்னலையும் சேர்த்து மேம்படுத்தி ரீபூட் செய்திருந்தேன். அந்தப் போர்ட்டைத் திறக்கும் ஃபயர்வால் விதியை எப்போதோ கையால் போட்டதோடு சரி, நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. ரீபூட்டில் அது போய்விட்டது. இரண்டு பேரை வைத்துச் செய்த என் சோதனை சர்வரின் முக்கியமான பகுதியைத் தொடவே இல்லை.

அதனால் மூன்று கருவிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது கைபேசியின் மொபைல் டேட்டாவில் இருக்கட்டும், அப்போதுதான் வெளி உலகத்திலிருந்து வருபவருக்கு வழி திறந்திருக்கிறதா என்று தெரியும். மூன்று கருவி கிடைக்காவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. அறையின் முகவரிக்குப் பின்னால் ஹேஷ் குறி போட்டு, ‘கன்ஃபிக்.பி2பி.எனேபிள்டு=ஃபால்ஸ்’ என்று சேர்த்துத் திறந்தால், இரண்டு பேரும் பாலம் வழியாகவே பேச வேண்டியிருக்கும். கேமரா, மைக் மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஸ்கிரீன் ஷேர், சாட், கடவுச்சொல் போட்ட அறை, ரெக்கார்டிங் என்று உங்கள் பயனர்கள் உண்மையில் பயன்படுத்துவதை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் பேசிக்கொண்டே இருப்பதும் நல்லது.

படம் வரவில்லையா? சர்வரில் ‘எஸ்எஸ் -லுன்பி’ கொடுத்து 10000 போர்ட்டில் ஜாவா காத்திருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்கிறது என்றால் ‘டிசிபிடம்ப்’ கொண்டு அந்தப் போர்ட்டுக்கு ஏதாவது வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் ஃபயர்வால். சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால் மட்டும் இல்லை, கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனியாக ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வருகின்றன, ஆனாலும் படம் இல்லை என்றால், சர்வர் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்து, பாலம் தன் உள் முகவரியையே வெளியே அறிவித்துக்கொண்டிருக்கலாம். வீடியோபிரிட்ஜ் கன்ஃபிக்கில் உள் முகவரியும் பொது முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உங்களுக்கு எல்லாம் சரி, ஒரே ஒரு பயனருக்கு மட்டும் பக்கம் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்றால், பெரும்பாலும் அவர் நேற்றிலிருந்து மூடாமல் வைத்திருக்கும் டேப்தான் காரணம். பழைய பக்கம் புதிய சர்வரோடு பேச முயல்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள்.

பின்வாங்க வேண்டியிருந்தால்

ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். களைப்பில் அதிகாலை மூன்று மணிக்குக் கன்ஃபிக்கில் கைவைத்தால் இன்னும் மோசமாகும். ஸ்னாப்ஷாட் இருந்தால் திரும்புவது எளிது. இல்லாவிட்டாலும் வழி உண்டு: ‘வார்/லாக்/ஆப்ட்’டில் இருக்கும் ‘ஹிஸ்டரி.லாக்’ ஒவ்வொரு பேக்கேஜும் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்று எழுதி வைத்திருக்கும். அந்தப் பழைய எண்களைப் பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் சமக்குறியோடு கொடுத்து, மாறிய ஜிட்சி பேக்கேஜுகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நிறுவுங்கள். ஒன்றை விட்டாலும் சார்புகள் பொருந்தாமல் மறுத்துவிடும்.

டாக்கர், பிக்புளூபட்டன்

டாக்கரில் ஜிட்சி ஓட்டுபவர்களுக்கு வேலை சுருக்கம். புதிய வெளியீட்டை இறக்கி, அதோடு வரும் மாதிரி ‘என்வ்’ ஃபைலை உங்கள் ‘.என்வ்’ ஃபைலோடு ஒப்பிட்டு, புதிய வரிகளைச் சேர்த்து, ‘கம்போஸ் டவுன்’, ‘புல்’, ‘அப் -டி’ (டிடாச் என்பதன் முதல் எழுத்து). ஒப்பிடும் படியைத் தாண்டிவிடாதீர்கள். அங்கே கன்ஃபிக் ஃபைல்கள் கன்டெய்னர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதப்படுகின்றன. உங்கள் சொந்த மாற்றங்களை ‘கஸ்டம்-கன்ஃபிக்’ ஃபைலில் வைத்தால்தான் தங்கும். மூன்று பேர் சோதனை இங்கேயும் அப்படியேதான்.

பிக்புளூபட்டன் வேறு மாதிரி. ஒவ்வொரு பெரிய பதிப்பும் ஒரு குறிப்பிட்ட உபுண்டுவோடு கட்டப்பட்டது: 2.7-க்கு உபுண்டு 20.04, 3.0-க்கு 22.04. எனவே ஒரே வரிசைக்குள் சிறு அப்கிரேட் என்றால், நிறுவும்போது ஓட்டிய அதே ‘பிபிபி-இன்ஸ்டால்’ ஸ்கிரிப்டை அதே விருப்பங்களோடு மறுபடி ஓட்டினால் போதும். பிறகு ‘பிபிபி-கான்ஃப் --செக்’ கொடுத்து எச்சரிக்கைகளைப் படியுங்கள். 2.7-இலிருந்து 3.0-க்குப் போவதென்றால் இருக்கும் சர்வரின் உபுண்டுவை மேம்படுத்தப் பார்க்காதீர்கள். புதிய சர்வரில் புதிதாக நிறுவி, சோதித்து, ‘வார்/பிக்புளூபட்டன்’ ஃபோல்டரில் இருக்கும் ரெக்கார்டிங்குகளை மாற்றி, கடைசியாக டொமைனைப் புதிய சர்வர் பக்கம் திருப்புங்கள். மூடில் என்ற கற்பித்தல் தளத்தோடு இணைத்திருந்தால் ரகசியச் சாவி மாறியிருக்கும், ‘பிபிபி-கான்ஃப் --சீக்ரெட்’ காட்டும் புதிய சாவியை அங்கே போட வேண்டும். பழைய ரெக்கார்டிங்குகளில் சிலவற்றைத் திறந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்கும் வரைக்கும் பழைய சர்வரை அணைக்காதீர்கள்.